தலைப்பாகைக்குள் ஜெகதாம்பாள்

1953 ஐப்பசியில், ஆலம்பரைக் கோட்டையைப் பார்க்கப் போன செங்கல்பட்டுப் பள்ளி ஆசிரியர் தேசிகனின் தோணி கடலில் கவிழ்ந்தது. கடப்பாக்கம் கரையில் நின்ற ஆண்கள் அலையைப் பார்த்துத் தயங்கினார்கள். அந்த ஊர் மீனவன் இருசப்பன் காய்ச்சலில் வீட்டில் படுத்திருந்தான். அவன் மனைவி ஜெகதாம்பாள்தான் கட்டுமரத்தைத் தள்ளிக்கொண்டு தனியாகப் போனாள். சின்ன வயதிலேயே தகப்பனோடு துடுப்புப் போட்டுப் பழகியவள். தேசிகனை உயிரோடு கரை சேர்த்தாள்.

தேசிகன் அதைப் பத்திரிகையில் எழுதினார். இரண்டு வருஷம் கழித்து ஒரு சினிமாக் கம்பெனி அதைப் படமெடுக்க மாமல்லபுரம் கடற்கரையில் வந்து இறங்கியது. கதாநாயகருக்கு நீச்சல் தெரியாது. தூரத்திலிருந்து எடுக்கும் காட்சியில் அவருடைய தலைப்பாகையைக் கட்டிக்கொண்டு அவருக்குப் பதிலாகக் கட்டுமரத்தில் போக இருசப்பனை அழைத்திருந்தார்கள். ஜெகதாம்பாளும் கூட வந்தாள்.

டைரக்டர் காட்சியை விளக்கினார். படத்தில் கடலுக்குப் போவது புருஷன். பெண்சாதி கரையில் நின்று அழுதுகொண்டே பாடுவாள்.

“நான் போவ மாட்டேன் சார்” என்றான் இருசப்பன்.

“ஏம்ப்பா, பயமா?”

“பயம் இன்னா சார், தெனம் போற கடலு. அன்னிக்கு நான் வூட்ல படுத்துகினு இருந்தேன். போனது இவ. நான் போனேன்னு பொய் சொல்லச் சொல்றியா?”

டைரக்டர் சிரித்தார். “பொம்பளை போனாள்னு காட்டினா எவன் நம்புவான்?”

“நடந்துச்சே சார்!” என்றாள் ஜெகதாம்பாள்.

வெயில் இறங்கிக்கொண்டிருந்தது, கேமராக்காரர் அவசரப்படுத்தினார். ஜெகதாம்பாள் முன்னால் வந்து சொன்னாள்: “நான் போறேன். அந்தத் தலப்பாவ எனக்குக் கட்டு.”

இருசப்பனுக்குக் கோபம் வந்தது. “உன் பேரே இல்லாத படத்துக்கு நீ ஏன் போற?”

“கதைய மாத்திட்டாங்க. கட்டுமரம் போனதாவது நடந்த மாதிரி இருக்கட்டும்.”

தூரத்தில் முகம் தெரியாது என்று டைரக்டர் ஒப்புக்கொண்டார். அவள் அலையேறியதும் அவர் கரையிலிருந்து கத்தினார்: “எழுந்து நில்லு! கையைத் தூக்கு!” ஜெகதாம்பாள் நிற்கவில்லை. அந்த அலையில் எழுந்து நிற்கிறவன் கடலுக்குள்தான் விழுவான். அன்றைக்குப் போலவே முட்டி போட்டு, மரத்தை அலைக்குச் சாய்வாகத் திருப்பி, நாலே துடுப்பு வீச்சில் தாண்டினாள்.

படம் செங்கல்பட்டுக்கு வந்தபோது தேசிகன் இருவரையும் மேட்னிக்கு அழைத்துப் போனார். ஆரம்பத்தில், ‘இது உண்மைக் கதை’ என்று எழுத்து ஓடியது. கரையில் கதாநாயகி பட்டுச் சேலையில் பாடினாள். தேசிகனாக நடித்தவர் கடலுக்குள்ளேயே வசனம் பேசினார். தேசிகன் தலையில் அடித்துக்கொண்டார்.

பிறகு அந்தக் கட்டுமரம் வந்தது. தேசிகன் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“இதுதான்! நான் தண்ணியிலேர்ந்து பார்த்தது இதேதான். அந்தத் தோள், அந்த வீச்சு... நீதானே அம்மா?”

“நான்தான் வாத்தியாரே.”

“பத்திரிகைக்கு மறுபடி எழுதப் போறேன். இந்தப் படத்தில் எது பொய், எது நிஜம்னு.”

“எழுது. என் பேர முழுசா எழுது.”

அடுத்த வாரமே கடிதம் அச்சாகிவிட்டது. கம்பெனி வாயைத் திறக்கவில்லை. ஆனால் சினிமாக் கொட்டகைக்காரர் கெட்டிக்காரர். மறுநாள் காலை செங்கல்பட்டுத் தெருக்களில் தப்பட்டை அடித்துக்கொண்டு ஒரு மாட்டுவண்டி சுற்றியது. வண்டியிலிருந்தவன் அடித்தொண்டையில் கூவினான்: “கடப்பாக்கம் ஜெகதாம்பாள் தன் கையால் கட்டுமரம் ஓட்டும் காட்சி! காணத் தவறாதீர்கள்!”

அன்று மேட்னிக்கே தரை டிக்கெட் தீர்ந்துபோனது.