வீட்டில் சம்மதமா?

மாமியார் தலையில் ஈரத்துண்டைக் கட்டிக்கொண்டு படுத்துவிட்டாள். காலைச் சாப்பாடு மேசையில் ஆறிக்கொண்டிருந்தது. பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாது என்று விடிந்ததுமே அறிவித்திருந்தாள். அதற்குப் பிறகு சமையலறைப் பாத்திரம் இரண்டு முறை உருண்டது வேறு விஷயம்.

"என்னைத் தூக்கிப் போட்டப்புறம் எங்க வேணா போகச் சொல்லு," என்றாள் மகனிடம். மருமகள் அதே அறையில்தான் சீருடைச் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டு நின்றாள். ஆனால் அந்த வீட்டில் அவளைப் பற்றிய பேச்சு எப்போதும் அவள் தலைக்கு மேலேதான் நடக்கும்.

"அவ எங்கயும் போகலம்மா. எந்திரிச்சு சாப்பிடு."

"போகலன்னு யாரு முடிவு பண்ணது?" என்று கேட்டாள் மருமகள். காவல் நிலையத்தில் ரவுடிகளை அதட்டும் குரல் அவளுக்கு உண்டு. வீட்டுக்குள் வரும்போது அதுவும் செருப்போடு வாசலிலேயே கழன்றுவிடும்.

"நான்தான்," என்றான் கணவன்.

இருவருமே சப்-இன்ஸ்பெக்டர்கள். அவன் வாகனப் பிரிவில். அவள் பெண்கள் புகார்ப் பிரிவில். ஐ.நா. அமைதிப்படைக்குக் காவல்துறையிலிருந்து ஆட்களைத் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தார்கள். மொழித் தேர்விலும் துப்பாக்கி சுடுவதிலும் அவள் தேறிவிட்டாள். வண்டி ஓட்டும் தேர்வு ஒன்றுதான் பாக்கி. அது இன்று பிற்பகல். அடுத்த தேர்வு வருவதற்குள் அவளுக்கு வயது வரம்பு தாண்டிவிடும். இன்று விட்டால் இந்தப் பிறவியில் இல்லை.

நிலையத்து ஜீப்பைப் பெண்கள் கையில் கொடுப்பது வழக்கமில்லை. ஓட்டத் தெரியாதவர்களுக்கு எப்படிக் கொடுப்பது என்பார்கள். கொடுக்காமல் எப்படித் தெரியும் என்று யாரும் கேட்பதில்லை. அவள் விடுமுறை நாட்களில் தன் அண்ணனுடைய தண்ணீர் லாரியில் ஏறி ஓட்டிப் பழகினாள். நிறைந்த லாரியைச் சந்துக்குள் பின்னால் எடுக்கத் தெரிந்தவளுக்கு ஜீப் எம்மாத்திரம்?

"நீங்க போயிட்டு வந்தீங்களே," என்றாள்.

"நான் போனதும் நீ போறதும் ஒண்ணா?"

எட்டு வருஷத்துக்கு முன் அவன் அதே அமைதிப்படைக்குப் போனபோது அவள் ஐந்து மாதக் கர்ப்பிணி. இதே மாமியார் தெரு முழுக்கச் சொல்லி மகிழ்ந்தாள். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பது பழைய கதை. இந்த வீட்டில் மகன் கடல் தாண்டினால் பெருமை, மருமகள் தாண்டினால் ஓடுகாலித்தனம். அவன் திரும்பி வந்தபோது குழந்தைக்குப் பல் முளைத்திருந்தது. புது ஆளைப் பார்த்து வீறிட்டு அழுதது.

"புள்ள அம்மா எங்கன்னு கேட்டா நான் என்ன சொல்றது?"

"நீங்க போனப்ப அப்பா எங்கன்னு கேக்க அதுக்கு வாய் இல்ல. அதனால தப்பிச்சீங்க."

அவன் முகம் சிவந்தது. மாமியார் துண்டை இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.

அமைதிப்படை முகாமில் நடந்த ஒன்றை அவன் நண்பர்கள் வந்தால் வேடிக்கையாகச் சொல்வான். முகாம் வாசலுக்கு ஒரு பெண் தினமும் வருவாளாம். என்ன வேண்டும் என்று கேட்டால் தலையைக் குனிந்துகொள்வாளாம். இவர்கள் அவளுக்கு ஊமை என்று பெயர் வைத்தார்கள். ஒருநாள் வருவதை நிறுத்திவிட்டாள். எல்லோரும் சிரிப்பார்கள். மருமகள் மட்டும் சிரிக்கமாட்டாள். ஆண் காவலர் கேட்டால் "ஒண்ணுமில்ல சார்" என்று எழுந்து போகிற பெண்களை அவள் தினமும் பார்க்கிறவள். கதவைச் சாத்திவிட்டு அவள் எதிரில் உட்கார்ந்தால் அதே பெண்கள் பேசுவார்கள். முகாமில் ஒரு பெண் போலீஸ் இருந்திருந்தால் அந்த ஊமையும் வாய் திறந்திருப்பாள். அவளுக்குள் ஆசை விழுந்தது அந்தச் சிரிப்புக்கு நடுவில்தான்.

"பெரிய ஐயா நேத்து போன் பண்ணாரு," என்றான் கணவன், ஷூவுக்கு நாடா கட்டிக்கொண்டே. "வீட்டுல சம்மதமான்னு கேட்டாரு. இல்லன்னு சொல்லிட்டேன். உன் பேரை எடுத்துட்டாங்க."

அவள் சாப்பிடாமல் நேரே பெரிய ஐயாவின் அலுவலகத்துக்குக் கிளம்பினாள்.

பெரிய ஐயா மாவட்டத்துக்கே மேலதிகாரி. கெட்டவர் என்று யாரும் சொல்ல முடியாது; அதுதான் கொடுமை. கெட்டவரிடம் சண்டை போடலாம். இவர் உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார்.

"நான் உனக்கு அப்பா மாதிரிம்மா. நாளைக்கு உன் குடும்பத்துல ஒண்ணுன்னா அந்தப் பாவம் எனக்குத்தானே."

"ஐயா, ரெண்டு தேர்வு பாஸ் பண்ணிட்டேன். எனக்கு இதுதான் கடைசி. ஓட்டிக் காட்டுறேன். தப்புப் பண்ணா நீங்களே அனுப்பிடுங்க."

"உனக்குத் தெறமை இல்லைன்னு நான் சொன்னேனா? வீட்டுல ஒத்துக்கல. நான் என்ன செய்ய?"

"இன்னைக்கு ஓட்டப் போற ஆம்பளைங்க வீட்டுக்கும் போன் பண்ணீங்களா ஐயா?"

அவர் கோபப்படவில்லை. நல்ல நகைச்சுவையைக் கேட்டதுபோல் மனம்விட்டுச் சிரித்தார். "அவங்க ஆம்பளைங்கம்மா," என்றார்.

அதே சிரிப்போடு தொடர்ந்தார். "ஒண்ணு பண்ணு. ஐ.நா.லருந்து ரெண்டு பேர் பார்வையிட வர்றாங்க. நீதான் இங்கிலீஷ் நல்லாப் பேசுவியே. நான் சொல்றத அவங்களுக்கு மொழிபெயர்த்துச் சொல்லு. பூச்செண்டு குடுக்கவும் ஒரு பொம்பளப் புள்ள வேணும்."

கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, சத்தம் வெளியே கேட்காதபடி அழுதாள். எத்தனையோ பெண்களுக்கு வழி சொன்னவள். தனக்கு ஒரு வழியும் தெரியவில்லை. பிறகு முகத்தைக் கழுவித் தொப்பியைச் சரிசெய்துகொண்டாள்.

பிற்பகல் மைதானத்தில் தகர டிரம்களை வளைவு வளைவாக அடுக்கியிருந்தார்கள். மார்பில் எண் குத்திய ஆண்கள் வரிசையாக நின்றார்கள். தேர்வை நடத்துவது வாகனப் பிரிவு. விசிலும் கையுமாக நின்றது அவள் கணவன். அவன் அவள் பக்கம் திரும்பவே இல்லை.

வந்த இருவரில் ஒருத்தி பெண். நரைத்த முடியைக் குட்டையாக வெட்டிய, வேறு ஏதோ நாட்டுப் போலீஸ்காரி. பூச்செண்டை வாங்கிப் பக்கத்திலிருந்தவரிடம் கொடுத்துவிட்டு வரிசையைப் பார்த்தாள். பெண்கள் எங்கே என்று கேட்டாள்.

"சொல்லும்மா," என்றார் பெரிய ஐயா. "நாங்க எவ்வளவோ ஊக்கம் குடுக்கிறோம். எங்க பொண்ணுங்களுக்குத்தான் விருப்பம் இல்ல."

அவள் ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தாள். எங்கள் பெண்களுக்கு விருப்பம் இல்லை என்று தன் வாயாலேயே சொல்லி முடித்தபோது, தன் கழுத்தைத் தானே அறுத்துக்கொண்டதுபோல் இருந்தது. இதற்காகவா இரவெல்லாம் கண்விழித்து அந்த மொழியைப் படித்தோம் என்று நினைத்தாள்.

அந்தப் பெண் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஏதோ கேட்டாள்.

"என்னவாம்?" என்றார் ஐயா.

"எனக்கு விருப்பம் உண்டான்னு கேக்குறாங்க ஐயா."

அவர் விருந்தாளிகளைப் பார்த்துப் புன்னகை செய்தபடியே சொன்னார்: "அத வீட்டுல கேட்டுத்தான் சொல்லணும்னு சொல்லு."

சொன்னாள். தனக்குச் சரியாகக் காது கேட்கவில்லையோ என்பதுபோல் அந்தப் பெண் குனிந்து மறுபடியும் கேட்டாள்.

"உன் விருப்பத்தை வீட்டுல யாருகிட்ட கேக்கணும்னு கேக்குறாங்க ஐயா."

"இவங்களுக்கு இதெல்லாம் எங்க புரியப் போகுது," என்று ஐயா நிமிர்ந்து நின்றார். அவருக்கு இப்போது பெருமையாகவே இருந்தது. "விளக்கமாச் சொல்லு. நான் ஒவ்வொரு பொண்ணோட வீட்டுக்காரருக்கும் நானே போன் பண்ணிக் கேக்கிறேன். அவரு சரின்னாதான் அனுப்புவேன். குடும்பத்துக்கு நாங்க அவ்வளவு மரியாதை குடுக்கிறோம்."

தன் வார்த்தை ஒன்றைக்கூட அவள் சேர்க்கவில்லை. சேர்க்க வேண்டிய அவசியமே இல்லை. நிறுத்தி நிதானமாக, ஒவ்வொரு பெண், நானே, மரியாதை என்று எதையும் விடாமல் சொன்னாள். இருவரும் எழுத ஆரம்பித்தார்கள்.

"பாத்தியா, எவ்வளவு அக்கறையா எழுதிக்கிறாங்க," என்றார் ஐயா.

"ஆமாங்க ஐயா."

சல்யூட் அடித்துவிட்டு மைதானத்துக்குள் நடந்தாள். ஆண்கள் வரிசையின் கடைசியில் போய் நின்றாள். முன்னால் நின்றவன் திரும்பிப் பார்த்துவிட்டு, பார்க்காததுபோல் திரும்பிக்கொண்டான். கணவன் விரைந்து வந்தான்.

"இங்க என்ன பண்ற? லிஸ்ட்ல உன் பேரு இல்ல."

"தெரியும். நீங்கதானே எடுத்தீங்க."

"எல்லாரும் பாக்குறாங்க. எதுன்னாலும் வீட்டுல பேசிக்கலாம், வா."

"வீட்டுல என்னையும் சேத்துக்கிட்டு என்னைக்குப் பேசியிருக்கீங்க?"

அவள் கையைப் பிடிக்க அவன் கை நீண்டது. மைதானத்தைச் சுற்றிக் கட்டியிருந்த கயிற்றுக்கு அந்தப் பக்கம் வெளிநாட்டுப் போலீஸ்காரி நெருங்கி வந்து நின்றிருந்தாள். நீட்டிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டான்.

வரிசை குறைந்தது. கடைசி ஆள் டிரம் இரண்டை இடித்துத் தள்ளிவிட்டு இறங்கினான். அவனுக்கும் மதிப்பெண் போட்டார்கள். அவள் ஓட்டினால் யாரும் போடமாட்டார்கள். அது அவளுக்குத் தெரியும். நாளைக்கு மெமோ வரும், மாற்றல் வரும். இன்றே வீட்டுக் கதவு திறக்குமா என்பதும் தெரியாது. விழுந்த டிரம்களை அவளே நிமிர்த்தி வைத்தாள். கணவன் விசிலை ஊதவில்லை.

வண்டியில் ஏறி உட்கார்ந்தாள். இருக்கை நெட்டை ஆண்களுக்காகப் பின்னால் தள்ளிக் கிடந்தது. பின்பக்கமிருந்து யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். கணவனா, ஐயாவா என்று பார்க்கவில்லை. இருக்கையை முன்னால் இழுத்தாள், கண்ணாடியைத் தன் உயரத்துக்குத் திருப்பினாள், வண்டியைக் கிளப்பினாள்.