புகாரே வராத புரோகிராம்

பிறை நகரில் மின்விசிறி செய்யும் அந்தத் தொழிற்சாலையின் கணினிப் பிரிவில் மேலாளர் விஸ்வலிங்கம் வைத்ததுதான் சட்டம். தீபாவளி மாதம் பிறந்ததும் புதுச் சட்டம் ஒன்று போட்டார். மாத முடிவில் எவர் எழுதிய புரோகிராமின் மேல் புகார் குறைவோ, அவருக்கு ஜப்பானில் மூன்று மாதப் பயிற்சி.

புஷ்பராணிக்கு அன்று முதல் ஜப்பான் பைத்தியம் பிடித்தது. தீவிலிருந்து படகில் கடலைத் தாண்டி வேலைக்கு வரும்போதெல்லாம் மனசு ஒசாகாவில் இறங்கிவிடும். ஆனால் அவள் எழுதியது ஓவர்டைம் சம்பளம் கணக்கிடும் புரோகிராம். ஊரே அதன் மேல்தான் கண் வைத்திருந்தது. பண்டிகை நெருங்க நெருங்கத் தொலைபேசி கத்திக்கொண்டே இருந்தது. எடுத்தால் புகார், வைத்தால் இன்னொரு புகார். அழுகையே வந்துவிட்டது.

போட்டியில் அவளைத் தவிர இருந்த ஒரே ஆள் பக்கத்து மேசை வாசு. அவனுக்கு ஒரு புகாரும் இல்லை. ஸ்டோரில் சரக்கு இருப்பைக் கணக்கிடும் புரோகிராம் அவனுடையது. "நம்ம வேலை அப்படிலா அக்கா" என்று காலரைத் தூக்கி விட்டுக்கொண்டான். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மாதத்தின் கடைசி நாள் காலையில் விஸ்வலிங்கம் கேமராவும் கையுமாகக் கிளம்பினார். பிழையே இல்லாத புரோகிராமை நிறுவன இதழுக்குப் படம் பிடிக்க வேண்டுமாம். வாசு முன்னால் நடந்தான். வயிற்றெரிச்சலோடு புஷ்பராணியும் போனாள்.

ஸ்டோரில் கணினி மஞ்சள் பட்டுத் துணி போர்த்தி உட்கார்ந்திருந்தது. மேலே வாடிப்போன மாலை. துணியை விலக்கினால் நெற்றி நிறையக் குங்குமம். ஃபிளாப்பி போடும் வாயில் சந்தனம் அடைத்துக் காய்ந்து கிடந்தது.

"என்ன பிச்சைமுத்து இது?"

ஸ்டோர்காரர் பிச்சைமுத்து பணிவாகக் கை கட்டினார். "தம்பி வந்து மாட்டிட்டுப் போன மறுநாள் ஆயுத பூசை சார். புது மெஷினாச்சேன்னு நல்லா அப்பி விட்டேன். அன்னிக்குப் படுத்தது எந்திரிக்கல. சாமி கும்பிட்ட சாமான், அத போய் நோண்டுவானேன்னு சரக்குக் கணக்க பழையபடி அட்டையிலேயே எழுதிக்கிட்டோம்லா."

வாசுவின் முகத்தில் ஈயாடவில்லை. ஆனாலும் விடவில்லை. "சட்டப்படி எனக்குப் புகார் இல்லதானே சார்?"

சட்டத்தைப் போட்டவரே சட்டத்தில் மாட்டிக்கொண்டு விழித்தார். எல்லோரும் புஷ்பராணியைப் பார்த்தார்கள். இவனைத் தள்ளி வையுங்கள் என்று சொல்ல நாக்கு துடித்தது. அவள் வேறொன்று சொன்னாள்.

"போட்டி அஞ்சு மணிக்குத்தானே சார் முடியுது? அடைச்ச ஃபிளாப்பி டிரைவ மாத்திப் போட்டுப் பாப்போமே."

மாற்றினார்கள். பிச்சைமுத்து அட்டைகளில் சேர்ந்து கிடந்த கணக்கை எல்லாம் ஒரே மூச்சில் உள்ளே தள்ள ஆரம்பித்தார். வாசு தன் மேசைக்குத் திரும்பி உட்காரக்கூட இல்லை, அதற்குள் தொலைபேசி அடித்தது.

"தம்பி, ஸ்குரூ மைனஸ்ல நிக்குது!"

அடுத்து இறக்கைக் கணக்கு இரண்டு மடங்கானது. அதற்கடுத்து திரையே கறுத்துப் போனது. பிச்சைமுத்து வஞ்சகமில்லாமல் ஒவ்வொன்றுக்கும் கூப்பிட்டார். வாசு வேர்க்க விறுவிறுக்க ஸ்டோருக்கும் மேசைக்குமாக ஓடினான். நாலரைக்கெல்லாம் அவன் புகார்க் கணக்கு புஷ்பராணியைத் தாண்டிப் போயிருந்தது. ஐந்து மணிக்கு விஸ்வலிங்கம் அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவளுக்குத் துள்ளிக் குதிக்கத் தோன்றியது. வாசுவைப் பார்த்து அடக்கிக்கொண்டாள்.

"கோவமா தம்பி?"

"இல்லக்கா." அவன் வேர்வையைத் துடைத்துக்கொண்டு சிரித்தான். "வேலைக்குச் சேந்து ரெண்டு வருசமாச்சு. நான் எழுதினத பத்திக் கேட்டு ஒரு ஆள் கூப்பிட்டது இன்னிக்குத்தான்."

தொலைபேசி மறுபடி அடித்தது. போட்டி முடிந்துவிட்டது, எடுக்க வேண்டிய அவசியமே இல்லை. வாசு நாற்காலியைத் தட்டிவிட்டு ஓடிப்போய் எடுத்தான். "சொல்லுங்கண்ணே!"