ட்ரூஸின் நாக்கும் என் நாக்கும்

ட்ரூஸுக்கு வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாது. ராட்டர்டாம் தென்கரைச் சந்தையில் அவள் ஹெரிங் மீன் விற்கிறாள், நான் உருளைக்கிழங்கும் மரவள்ளிக்கிழங்கும் விற்கிறேன். உப்பில் ஊறிய மீனை வாலைப் பிடித்துத் தூக்கி, அண்ணாந்து வாய்க்குள் இறக்கிக்கொண்டே ஊர்வம்பு பேசுவாள். அவளுக்கு மதியச் சாப்பாடே அதுதான். முன்பெல்லாம் எனக்கும் ஒன்று நீட்டுவாள். ரத்தக்கொதிப்பு என்று டாக்டர் எனக்கு உப்பை நிறுத்தியதிலிருந்து அவள் மீனை நான் தொடுவதில்லை. அதை அவள் இன்னும் மன்னிக்கவில்லை.

எங்கள் இரண்டு கடைகளுக்கும் நடுவில் ஓர் இடம் காலியாகக் கிடந்தது. நோன்பு மாதத்தின் முதல் சனிக்கிழமை காலையில் ஜுலைகா அங்கே வந்து இறங்கினாள். கூடவே ஒரு கேஸ் அடுப்பும், நான் உட்கார்ந்து குளிக்கலாம் போன்ற ஒரு பாத்திரமும். ஜுலைகா எங்களுக்குப் புதியவள் அல்ல. மொரோக்கோக்காரி, விடிவதற்குள் ஆபீஸ்களைத் துடைத்துக் கழுவுகிற வேலை. என் கடையில் ஒவ்வொரு கிழங்காகத் திருப்பிப் பார்த்து வாங்கி என் உயிரை எடுப்பவள்.

அவள் யோசனை நல்ல யோசனைதான். இது குளிர்காலம், சந்தை முடிகிற நேரத்துக்கே இருட்டிவிடும். நோன்பு வைத்தவர்கள் ஒரு பேரீச்சம்பழத்தை வாயில் போட்டுக்கொண்டு டிராமைப் பிடிக்க ஓடுவார்கள். அந்த நேரத்தில், மொரோக்கோவில் நோன்பு திறக்கக் குடிக்கிற ஹரீரா சூப் சுடச்சுடக் கிடைத்தால் யார் ஓடுவார்கள்?

சந்தை மேற்பார்வையாளர் வெய்னாண்ட் காலையிலேயே வந்து சொல்லிவிட்டுப் போனார்.

"இன்னைக்கு ஒரு நாள் போட்டுப் பாருங்கம்மா. ஜனம் நின்னு குடிச்சா இந்த இடம் உங்களுக்கே. இல்லேன்னா செல்போன் உறை விக்கிறவர் ஒருத்தர் ரொம்ப நாளா கேட்டுக்கிட்டிருக்கார்."

அவர் போனதும் ஜுலைகா என் பக்கம் திரும்பினாள். "இது மட்டும் கிடைச்சுட்டா அந்த ஆபீஸ் கக்கூஸைத் திரும்பிக்கூடப் பாக்க மாட்டேன் அண்ணே."

வெங்காயம், தக்காளி, பருப்பு, கொண்டைக்கடலை, கொத்தமல்லி எல்லாம் பாத்திரத்துக்குள் போயின. வாசனை வந்து என் கடைக்காரப் புத்தியைக் கலைத்தது. ஒரு பெண்மணிக்கு இரண்டு கிலோ கிழங்குக்குப் பதில் மூன்று கிலோ போட்டுவிட்டேன். எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. உப்புக் கட்டம் வந்தது.

"வீட்டுல என் சின்ன மக ருசி பாத்துச் சொல்லிடுவா. இங்க யாரு இருக்கா?" என்றாள் ஜுலைகா.

"நாக்கு நுனியில வச்சுட்டுத் துப்பிடலாம்னு சொல்வாங்களே?" என்று எதிர்க்கடைத் தக்காளிக்கார ஜெலால் கேட்டான். துருக்கிக்காரன், அவனும் நோன்பு.

"என்னை நம்ப முடியாது தம்பி. இருக்கிற பசியில முழுங்கிடுவேன்."

அவ்வளவுதான். ட்ரூஸ் ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு வந்துவிட்டாள். "நான் எதுக்கு இருக்கேன்? கொண்டா கரண்டியை."

ஒரு வாய் குடித்தாள். சப்புக்கொட்டினாள். "வாசனை அருமை. ஆனா உப்பே இல்லையேடி."

ஜுலைகா ஒரு கை உப்புப் போட்டாள். ட்ரூஸ் மறுபடி குடித்தாள். "ம்ஹூம்." இன்னொரு கை. "இன்னும் கொஞ்சம். உப்பில்லாப் பண்டம் குப்பையிலே, தெரியுமில்ல?"

எனக்கு மனசு கேட்கவில்லை. நானும் ஒரு கரண்டி வாங்கிக் குடித்தேன். தொண்டை வரைக்கும் கரித்தது.

"அம்மா தாயே, போதும். உப்புக் கரிக்குது," என்றேன்.

"யோவ் ஆர்மண்ட், நீ பச்சைத் தண்ணியைக் குடிச்சாலே உப்புக் கரிக்குதும்ப. அந்த டாக்டர் உன் நாக்கைக் கெடுத்து வச்சிருக்கான்."

அதில் உண்மை இருந்ததால் எனக்குக் கோபம் வந்தது. இப்போதெல்லாம் கடை ரொட்டியே எனக்கு உப்பாகத்தான் இருக்கிறது. ஜுலைகா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். கடைசியில் இன்னொரு கை உப்பையும் போட்டாள். ஆனால் நாள் முழுக்க உப்பு மீனில் ஊறிக் கிடக்கிற நாக்கை நம்பலாமா என்று எங்கள் மூன்று பேருக்குமே தோன்றவில்லை.

மதியம் தாண்டி வெய்னாண்ட் வந்தார். குளிருக்கு ஒரு கோப்பை கேட்டார். ஒரு மடக்குக் குடித்தார். மனிதருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"என்னம்மா இது? வடகடல் தண்ணியையே காய்ச்சி வச்சிருக்கீங்க?"

யாரும் சிரிக்கவில்லை. அவருக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. "சாயந்தரம் வர்றேன்," என்று கோப்பையை மெல்ல வைத்துவிட்டுப் போனார்.

ஜுலைகா என் கிழங்கு மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. அழுதிருந்தால் தேவலை. "காலையில மறுபடி வாளியைத் தூக்க வேண்டியதுதான்," என்று மட்டும் சொன்னாள். ட்ரூஸைப் பார்த்தேன். முகம் சிவந்து நின்றாள். அவளுக்கு வாயடைத்துப் போய் நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அடைத்த வாய் சீக்கிரமே திறந்துகொண்டது. "எழுந்திருடி! கிழங்கு போட்டா உப்பை இழுத்துக்கும்." சொன்னதோடு நிற்காமல், என்னை ஒரு வார்த்தை கேட்காமல், என் மூட்டையை இழுத்துப் பிரித்தாள். ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே.

"போட்ட உப்பு எங்கேயும் போகாது அக்கா." ஜுலைகா எழுந்து நின்றாள். குரல் மாறியிருந்தது. "சூப்பைத்தான் பெருக்கணும். கிழங்கும் வேணும், தக்காளியும் வேணும். ஒரு பாத்திரத்தை ரெண்டாக்கணும்."

"பாத்திரம்தானே? வருஷா வருஷம் பட்டாணி சூப் வைக்கிற அண்டா என் வீட்டுல…" என்று ஓடப் போன ட்ரூஸ் பாதியில் நின்றாள். "வேணாம், வேணாம். அதுல பன்னிக்கறியில்ல வேகும்!"

ஜெலால் சிரித்துக்கொண்டே ஓடிப்போய்ப் பள்ளிவாசல் சமையலறையிலிருந்து பெரிய அண்டா ஒன்றையும் ஓர் அடுப்பையும் தூக்கி வந்தான். நசுங்கின தக்காளியை எல்லாம் பெட்டியோடு கொண்டுவந்து கொட்டினான். நான் கிழங்கு சீவினேன். ட்ரூஸும் சீவினாள், மீன் கத்தியால் அல்ல, என் கத்தியால்தான். எங்கள் கடைகளுக்கு வந்தவர்கள் காத்து நின்றார்கள். சிலர் எங்களைத் திட்டினார்கள், ஒரு கிழவர் மட்டும் கொத்தமல்லி ஆய்ந்து கொடுத்தார்.

இரண்டு அண்டாவும் கொதித்தன. வெளிச்சம் மங்கிக்கொண்டு வந்தது. மறுபடி ருசி பார்க்கிற கட்டம் வந்தது. ஜுலைகா இரண்டு கரண்டி எடுத்தாள். ஒன்றை ட்ரூஸிடம் நீட்டினாள், ஒன்றை என்னிடம்.

"ரெண்டு பேரும் உள்ளதைச் சொல்லணும்."

ட்ரூஸ் குடித்தாள். பயந்துகொண்டேதான் சொன்னாள். "கோவிச்சுக்காத. உப்பு கம்மி."

நான் குடித்தேன். "எனக்கு உப்புக் கொஞ்சம் தூக்கல்தான்."

ஜுலைகா முகத்தில் சிரிப்பு வந்தது. "அப்ப சரியா இருக்கு," என்று சொல்லி அடுப்பைச் சிறிதாக்கினாள்.

அவரவர் பையிலிருந்த செல்போன்கள் எல்லாம் ஒன்றாக, நோன்பு திறக்கிற பாங்கைச் சொல்லத் தொடங்கின. பேரீச்சம்பழம் கைக்குக் கை மாறியது. டிராமுக்கு ஓட வந்தவர்கள் வாசனையில் நின்றார்கள். முதல் கோப்பையை வாங்கிய ஒரு சோமாலியப் பெண்மணி குடித்து முடிக்கும் வரை எனக்கு மூச்சே வரவில்லை. அவள் கோப்பையை மறுபடி நீட்டினாள். அதன்பிறகு வரிசை ஜெலால் கடையைச் சுற்றி வளைந்து போனது. நோன்பு இல்லாதவர்களும் நின்றார்கள். ட்ரூஸ் மீனை மறந்துவிட்டு, ஊரே அதிரும் குரலில் சூப்பைக் கூவி விற்றாள். இரண்டு அண்டா சூப்பும் தேவைப்பட்டது.

வெய்னாண்டும் வரிசையில் நின்றுதான் வாங்கினார். முதல் மடக்கை ரொம்பப் பயந்து குடித்தார். இரண்டாவதைப் பயமில்லாமல் குடித்தார். "செல்போன் உறைக்காரரை மூலைப் பக்கம் போகச் சொல்லிடறேன்," என்றார்.

எல்லோருக்கும் ஊற்றிய பிறகுதான் ஜுலைகா தனக்கு ஊற்றிக்கொண்டாள். நானும் ட்ரூஸும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றோம். குடித்தாள். கண்ணை மூடித் திறந்தாள்.

"நல்லா இருக்கு. எங்க அம்மா வைக்கிற மாதிரியே இருக்கு."

"எனக்கு இன்னும் கொஞ்சம் உப்பு வேணும்," என்றாள் ட்ரூஸ், என் காதோரமாக.

அடுத்த சனிக்கிழமை நான் கிழங்கு மூட்டையை இறக்குவதற்கு முன்பே ஜுலைகா கடை போட்டிருந்தாள். கூடாரக் கம்பியில் கயிறு கட்டி இரண்டு கரண்டி தொங்கவிட்டிருந்தாள். ஒன்று ட்ரூஸ் பக்கம், ஒன்று என் பக்கம்.