ஆமென் என்றால் முடிந்தது

1

இந்தக் கதை ஒரு சொல்லிலிருந்து பிறந்தது. பிரெஞ்சு நகரொன்றின் லா ஷப்பேல் பகுதியில், தமிழ்க் கிறிஸ்தவ சபை மண்டபத்தில் இருவர் அதை இரண்டு அர்த்தத்தில் சொன்னார்களாம், அவ்வளவுதான் கேள்விப்பட்டேன். மிச்சம் கற்பனை. குடும்பக் காதல் கதை எழுதுகிற என் கை, முதலில் இப்படித் தொடங்கியது: மழையில் நனைந்த சுகிர்தத்தின் விழிகள்...

(வேண்டாம். சுகிர்தம் நடுவயதுத் தாதி. குடை வைத்திருப்பாள்.)

2

சனிக்கிழமைகளில் சுகிர்தம் மண்டபத்தில் அக்கம்பக்கத்துச் சீனர்களுக்கு இலவசமாகப் பிரஷர் பார்ப்பாள். பட்டியைக் கழற்றியதும் கையைப் பிடித்துச் சிறு ஜெபம். வைத்தியத்தோடு சுவிசேஷமும் சேரட்டும் என்பது சபையின் ஏற்பாடு. அவர்களில் லின் அம்மா என்ற முதியவரின் 'ஆமென்' எல்லோருடையதையும்விட உரத்துக் கேட்கும். போதகர் பூரித்துப்போய் ஞானஸ்நானத்துக்கு ஞாயிறு குறித்தார். லின் அம்மாவும் தலையாட்டினார்.

அதன்பிறகுதான் சுகிர்தம் அவரை மரக்கறிக் கடையில் பார்த்தாள். கடைக்காரர் பையை நீட்ட, லின் அம்மா பளிச்சென்று சொன்னார்: "ஆமென்!"

3

"ஆமென் எண்டா 'முடிஞ்சுது' எண்டு நினைச்சிருக்கிறா, அப்பா."

சுகிர்தத்தின் கணவர் ஞானசுந்தரத்துக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "அப்ப தண்ணியில முக்கி எடுத்தாலும் அதைத்தான் சொல்லுவா."

"பகிடி விடாதையுங்கோ. உண்மையைச் சொன்னா மனுசி வாறதை விட்டிடும். பிரஷரை ஆர் பார்க்கிறது?"

"சொல்லாட்டி?"



4

சனிக்கிழமை லின் அம்மாவின் மகள் ஆரெலியையும் வரச்சொன்னாள் சுகிர்தம். (அவர்கள் பேசிய பிரெஞ்சை என் தமிழில் தருகிறேன்.)

"ஆமென் கடவுளிடம் சொல்லும் சொல். ஞாயிறு நடப்பது கிறிஸ்தவராக மாறும் சடங்கு. வேண்டாம் என்றாலும் பிரஷர் பார்ப்பேன்."

ஆரெலி சீனத்தில் சொன்னாள். லின் அம்மா எழுந்து வாசலை...

(அடித்துவிட்டேன். மண்டியிட்டு அழும் முடிவையும் அடித்துவிட்டேன். முதலாவது என்னால் தாங்க முடியாதது. இரண்டாவது லின் அம்மாவுக்குப் பொருந்தாதது.)

லின் அம்மா வயிறு குலுங்கச் சிரித்தார்.

"ஞாயிறு இரத்தம் எடுப்பீர்கள் என்று நினைத்து, அம்மா சாப்பிடாமல் வரத் தயாராக இருந்தார்," என்றாள் ஆரெலி.

சுகிர்தமும் சிரித்தாள். கிழமை முழுக்க நெஞ்சில் கிடந்த பாரம் இறங்கியது. ஞாயிறு ஞானஸ்நானம் இல்லையென்று போதகருக்கு அவளே சொல்லிக்கொள்வாள்.

பிரஷர் பார்த்தாள்; குறைந்திருந்தது. பட்டியைக் கழற்றிவிட்டு, இந்த முறை அவளாகக் கையைப் பிடிக்கவில்லை. லின் அம்மாதான் கையை நீட்டினார். சுகிர்தம் மெல்ல ஜெபித்தாள். கடைசிச் சொல்லை மட்டும் சொல்லாமல் விட்டாள்.

லின் அம்மா வாய் திறந்தார்.

5

என்ன சொன்னார் என்று எழுதமாட்டேன். சுகிர்தமே எதிர்பார்த்து நிற்கவில்லை. நிம்மதியாக அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டாள். கதையை எப்படி முடிப்பதென்பது உங்கள் பாடு. ஆமென் என்று முடிப்பதானால், எந்த அர்த்தத்தில் என்பதையும் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.