பெண்கள் பெட்டியில் பாதி

1

“நீங்க பண்ணுனது தப்புன்னு எழுதிக் குடுங்க, அண்ணாச்சி.”

முதலாளியிடம் இதை மட்டும் கேட்டுவிடாதே என்று முந்தின நாள் ராத்திரிதான் அம்மா சொல்லியிருந்தாள். அம்மா தங்கபாய், ராஜபாளையத்தில் பேண்டேஜ் கம்பெனியில் பதினாறு வருடமாகத் துணி சுருட்டுகிறவள். “மொதலாளிட்ட என்ன வேணாலும் கேளு. அவிய தப்ப அவிய வாயால மட்டும் கேக்காத.”

நான் பரிபூரணம், பி.ஏ. எங்கள் வீட்டில் முதல் பட்டம். அதே கம்பெனியில் டைப்பிஸ்ட். இங்கிலீஷ் கடிதம் வந்தால் படித்துச் சொல்வதும் நான்தான். இந்தக் கதையே ஒரு கடிதத்தில் பிறந்ததுதான்.

2

முதலில் எழுதிய தொடக்கம்: “கனடாவில் பனி கொட்டிக்கொண்டிருந்த ஒரு”

கோடு போட்டு அடித்துவிட்டேன். நான் பார்த்த பனிக்கட்டி மீன் பெட்டிக்குள் இருப்பது. அதன்மேல் சறுக்கிக்கொண்டு ஹாக்கி ஆடுவார்கள் என்பதே அந்தக் கடிதத்தைப் படித்துத்தான் தெரியும். 1989 ஆகஸ்டில் ஒரு கனடா வியாபாரி எழுதியது. உலகப் போட்டிகளுக்கு பேண்டேஜ் ரோல் வேண்டும்: ஆண்களுக்கு நாற்பது பெட்டி, இருபது வயதுக்கு உட்பட்டவர்களுக்கு நாற்பது, பெண்களுக்கு நாற்பது. பெண்களுக்கு அதுதான் முதல் உலகப் போட்டி.

நான் அடித்துக் கொடுத்த பட்டியலில் பெண்கள் வரிசையை முதலாளி சுயம்புலிங்கம் பென்சிலால் வெட்டி, இருபது என்று போட்டார்.

“பொம்பளப் பிள்ளைகளுக்கும் அம்புட்டா? கம்ப வச்சிக்கிட்டுச் சும்மா சுத்தி வருங்க. எம்புட்டு அடி படப் போகுது?”

“லெட்டர்ல நாப்பதுதான் இருக்கு, அண்ணாச்சி.”

“அங்கயும் உன்ன மாதிரி ஒரு பிள்ளதான் தப்பா அடிச்சிருக்கும்.”

(அவர் ஏமாற்றவில்லை. பில்லையும் இருபதுக்குத்தான் போடச் சொன்னார். உண்மையிலேயே அப்படி நம்பினார். அதுதான் எனக்கு ஆத்திரம்.)

3

அவரை வில்லனாக எழுதிப் பார்த்தேன். ஒட்டவில்லை. வெட்டு மெஷினில் அம்மாவின் விரல் சிக்கியபோது தன் கையாலேயே பேண்டேஜ் சுற்றி, தன் காரிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவர். சீட்டெல்லாம் ரத்தம். கொஞ்சமும் முகம் சுளிக்கவில்லை. இதை மறைத்தால் கதை நன்றாக இருக்கும். நான் பொய்க்காரி ஆவேன்.

4

பிப்ரவரியில் கனடாவிலிருந்து கேள்வி வந்தது. பெண்கள் பெட்டி ஏன் பாதி? பெண்கள் போட்டிக்கு ஐந்து வாரம்தான் இருந்தது.

“டைப்பிஸ்ட் தப்புன்னு அடிச்சு, கீழ நீயே கையெழுத்துப் போட்டுரு. சின்னப் பிள்ளன்னா விட்டுருவான். கம்பெனி பேரு கெடக் கூடாதுல்லா” என்றார். ஒரு நாள் தவணை கேட்டு வீட்டுக்குப் போனேன். மறுநாள் காலை அவர் மேஜைக்கு முன்னால் நின்று, முதல் வரியில் உள்ளதைக் கேட்டேன்.

“உங்கம்மா இங்கதான வேல பாக்கா?”

“ஆமா. அவ விரல் மாட்டுன அன்னைக்கு எத்தன ரோல் சுத்துனீங்க, அண்ணாச்சி? பொம்பளன்னு பாதியோட நிறுத்துனீங்களா?”

அவர் பேனாவை மூடி வைத்தார். “காலேஜுக்கு அனுப்புனா இதத்தான் சொல்லிக் குடுக்காகளோ?”

“இத வீட்லயே படிச்சிட்டேன்.”

(இந்தக் கடைசிப் பதிலை நான் சொல்லவில்லை. எழுதும்போது தோன்றியது. இருந்துவிட்டுப் போகட்டும்.)

5

முடிவு ஒன்று: அவர் எழுதிக் கொடுக்கிறார். எனக்கே சிரிப்பு வந்தது.

முடிவு இரண்டு: நான் கையெழுத்துப் போடுகிறேன், அம்மா தலை நிமிராமல் துணியைச் சுருட்டிக்கொண்டு

வேண்டாம்.

உங்களிடம் ஒன்றை மறைத்தேன். அன்று காலை எங்கள் ஊர் ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் ஏறும் முன்பே, அவர் பென்சிலால் வெட்டிய பட்டியலோடு நடந்ததையும் எழுதி, கனடாவுக்குத் தபாலில் போட்டுவிட்டேன். கீழே என் பெயர். பிறகு எதற்கு அவரிடம் கேட்டேன்? எழுதிக் கொடுத்திருந்தால், எங்கள் முதலாளி நியாயமானவர் என்று இன்னொரு கடிதம் போட்டிருப்பேன்.

டைப்ரைட்டருக்கு உறையை மாட்டினேன். சுருட்டும் கூடத்தின் கதவருகே அம்மா நின்றாள்.

“ஏட்டி, கேட்டுட்டியா?”

“கேட்டுட்டேன். இனி இங்க வேலைக்கு வர மாட்டேன். நான் வாரேன்.”

“அப்ப நான் இருக்கவா, உங்கூட வரவா?”

இதற்கு நான் பதில் எழுத மாட்டேன். அது அம்மாவின் முடிவு. பொறுக்கவில்லை என்றால் நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: கேட்டைத் தாண்டியதும் நன்றாகப் பசித்தது. திரும்பிப் பார்க்காமல் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தேன்.