இரண்டு பேர் வேலை

இரவு ஷிப்ட் முடிந்து நேராக வந்திருந்தாள் பெரியவள். ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் மேற்பார்வை வேலை. எட்டு மணி நேரம் நின்றதில் கால் இரண்டும் தன்னுடையவைதானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது. வண்டிகளை விட்டுவைக்கும் அந்தத் திறந்த மைதானத்தின் இரும்புக் கேட்டைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனபோது மணி எட்டு.

வழக்கமாக இது அவள் கணவனும் அவனுடைய சகலையும் செய்கிற வேலை. நாலு வருஷத்துக்கு முன்னால் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு பழைய கேரவனை வாங்கினார்கள். உள்ளேயே படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் உண்டு. மழைக்காலம் வருமுன் வந்து, கழுவி, துணிக் கவரைப் போட்டு மூடிவிட்டுப் போவார்கள். இந்த வருஷம் கணவனுக்கு மணிக்கட்டில் மாவுக்கட்டு. "நீ போய் ஒரு கை கொடு, போதும். மத்ததெல்லாம் சகலை பாத்துப்பார்" என்று அனுப்பிவைத்தான்.

கேரவன் பக்கத்தில் நின்றது சகலை இல்லை. சகலையின் மனைவி. அதாவது இவளுடைய கூடப்பிறந்த தங்கை. இரண்டு வருஷமாக முகம் கொடுத்துப் பேசாதவள்.

"அவரை விடியறதுக்கு முன்னாலயே ஆபீஸ்ல அவசரமா கூப்பிட்டுட்டாங்க" என்றாள் சின்னவள், வண்டியின் டயரைப் பார்த்து.

"எனக்கு யாரும் சொல்லலையே." பெரியவளும் அதே டயரிடம்தான் சொன்னாள்.

சண்டை அக்கா தங்கைக்குத்தான். சகலைகள் இருவரும் தினமும் போனில் குலாவிக்கொண்டுதான் இருந்தார்கள்.

திரும்பிப் போய்விடலாமா என்று பெரியவளுக்கு ஒரு கணம் தோன்றியது. ஆனால் சாயங்காலம் மழை என்று சொல்லியிருந்தார்கள். முதல் வருஷம் பிளாஸ்டிக் தார்ப்பாயைப் போட்டு மூடி, உள்ளே காற்றே போகாமல் மெத்தையெல்லாம் பூசணம் பூத்ததை அவள்தான் தேய்த்துக் கழுவினாள். இன்னொரு தடவை அதைச் செய்ய உடம்பில் தெம்பில்லை.

சின்னவள் விடிந்ததுமே வந்து வண்டியைக் கழுவி வைத்திருந்தாள். கவரைப் பையிலிருந்து உருவப் போனவளைப் பெரியவள் தடுத்தாள். வண்டியின் பக்கவாட்டில் உள்ளங்கையை ஓட்டிப் பார்த்தாள். இருபது வருஷமாக ஈரத் துணியோடு குடித்தனம் நடத்துகிற கை.

"இன்னும் ஈரம் இருக்கு. அரை மணி போகட்டும்."

அந்த அரை மணியில் அவள் கூரை ஓரத்துக் கூரான முனைகளிலும் ஏரியல் கம்பியிலும் பழைய துண்டுகளைச் சுற்றிக் கட்டினாள். இல்லாவிட்டால் காற்றில் கவர் உரசி உரசி அங்கேதான் கிழியும். பிறகு சின்னவள் பின்பக்க ஏணியில் ஏறினாள். சுருட்டிய மெத்தை மாதிரி கனத்த கவரைப் பெரியவள் தோளில் வாங்கி மேலே தள்ள, இருவருமாகக் கூரையில் ஏற்றினார்கள்.

சின்னவள் டிரைவிங் ஸ்கூலில் கற்றுக்கொடுக்கிறவள். மேலேயிருந்து அந்தக் குரலிலேயே கத்தினாள்.

"ரைட்ல இழு, ரைட்ல! மெதுவா... நிறுத்து, நிறுத்து!"

"நான் ஒண்ணும் உன் ஸ்டூடண்ட் இல்ல."

"நல்லவேளை. ஸ்டூடண்டா இருந்தா இந்நேரம் ஃபெயில்."

பெரியவளுக்குச் சிரிப்பு தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டாள்.

கவரைக் கூரை நெடுக விரித்து, முன்முகத்தில் மாட்டியாயிற்று. இனிப் பக்கவாட்டில் இழுத்துவிட்டு, வண்டிக்கு அடியில் பட்டைகளை இந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்கும் கொடுத்து வாங்கிக் கட்டவேண்டும். பெரியவளுக்குத் தலை சுற்றியது. "கூரை ஜன்னல் சாத்தியிருக்கான்னு பாத்துட்டு வரேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். ஜன்னல் சாத்தித்தான் இருந்தது. ஜன்னலோரத்து நீள இருக்கையில் உட்கார்ந்தாள்.

சண்டை நடந்தது இதே இருக்கையில்தான். இரண்டாவது பயணத்தின்போது சின்னவள் கூரை ஜன்னலைத் திறந்துபோட்டுவிட, மழையில் படுக்கை நனைந்தது. "உன்னை நம்பி ஒரு ஜன்னலைக்கூட விட முடியாது" என்றாள் பெரியவள். "உன்னை நம்பி அம்மாவையே விட்டோமே" என்றாள் சின்னவள். அவ்வளவுதான். அம்மாவின் கடைசி ராத்திரி, வேலை முடிந்து ஓடிவந்து ஆஸ்பத்திரி நாற்காலியில் காவலிருந்த பெரியவள் கண்ணயர்ந்துவிட்டாள். நர்ஸ் தோளைத் தொட்டு எழுப்பியபோது எல்லாம் முடிந்திருந்தது. அதை அதுவரை வீட்டில் ஒருவரும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

ஒரு நிமிஷம் என்று தலையைச் சாய்த்தாள்.

கண் விழித்தபோது இருட்டு. ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது என்று பதறிப் பையை எடுத்தாள். போனைப் பார்த்தால் பகல் பதினொன்றே முக்கால்தான். ஜன்னல்களுக்கு வெளியே சாம்பல் நிறத் துணி. கதவைத் திறந்தாள். அந்த இடத்தில் மட்டும் கவரின் ஜிப்பைத் திறந்து சுருட்டி மேலே கட்டியிருந்தது. படியில் சின்னவள் உட்கார்ந்திருந்தாள். முழங்காலெல்லாம் மண். முடியெல்லாம் காய்ந்த புல்.

"எழுப்பக் கூடாதா?"

"மூணு தடவை வந்து பாத்தேன். எழுப்ப மனசு வரல."

"ரெண்டு பேர் வேலையாச்சே. ஒத்தையா எப்படி..."

"அடியில ஊர்ந்து ஊர்ந்து போய்க் கட்டினேன். ரெண்டு பட்டை முறுக்கிக்கிச்சு." சின்னவள் உள்ளங்கையின் சிராய்ப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அக்கா, அன்னிக்கு ராத்திரி நானும் வந்திருக்கணும். காலையில வரேன்னு சொல்லிட்டு வீட்ல தூங்கிட்டேன். நீயாவது நாற்காலியில தூங்கின. நான் கட்டில்ல, போர்த்திக்கிட்டு."

சலவைக்கூடத்தில் போர்வைகளை எண்ணிக்கொண்டே இரண்டு வருஷமாகப் பெரியவள் தங்கையின் அந்த ஒரு வார்த்தைக்கு எத்தனையோ பதில் தயார் செய்து வைத்திருந்தாள். அதையெல்லாம் விட்டுவிட்டு அவளும் படியில் இடம் பண்ணிக்கொண்டு உட்கார்ந்தாள்.

"எனக்கு இப்பவும் கோபம்தான்."

"தெரியும்."

"ஆனா அதைச் சுமந்துக்கிட்டுத் திரியத்தான் தெம்பில்ல."

சின்னவள் மூக்கை உறிஞ்சினாள். இருவரும் எழுந்தார்கள். ஆளுக்கொரு பக்கம் மண்டியிட்டு, முறுக்கிக்கொண்ட பட்டைகளை அவிழ்த்து நேராக்கிக் கட்டினார்கள். பெரியவள் ஜிப்பை இழுத்து மூடினாள்.

சின்னவள்தான் காரில் கொண்டுவந்து விட்டாள். வாசலில் நின்று தயங்கியவளை, "உள்ள வா, கையைக் கழுவிட்டு மருந்து போட்டுக்கோ" என்று அழைத்துப் போனாள் பெரியவள். மாவுக்கட்டுக் கையோடு கதவைத் திறந்த கணவன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

"கவர்... போட்டாச்சா?"

"போட்டாச்சு."

பெரியவள் செருப்பைக் கழற்றியதும் நேராகப் போய்க் கட்டிலில் விழுந்தாள். சமையலறையில் பாத்திரம் உருளும் சத்தம். "அத்தான், டீத்தூள் எங்க இருக்கு?" என்று சின்னவள் கேட்பதும், அவன் டப்டப்பென்று ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து மூடுவதும் கேட்டன.

"மேல் தட்டு, இடது பக்கம்" என்று படுத்தபடியே குரல் கொடுத்தாள் பெரியவள். "எனக்கும் சேர்த்துப் போடு."