மீன்பிடிக்குச் சிவப்புச் சீட்டு

1

இந்தக் கதை என்னுடையது இல்லை. தொழிற்சாலைப் பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரியிடம் கேட்டு வாங்கியது. அவள் பெயர் காமினி. பினாங்குத் தீவின் பாயான் லெப்பாஸில் இருவருக்கும் ஒரே தொழிற்சாலை. அவள் உற்பத்திப் பிரிவில் லைன் லீடர், நான் ஸ்டோரில். நான் கதை எழுதுகிறவள் என்று தெரிந்தும் துணிந்து என் பக்கத்தில் உட்காருகிற ஒரே ஆள் அவள்தான்.

முதலில் இப்படித் தொடங்கினேன்:

மழை தூறிக்கொண்டிருந்த மாலையில், பாலத்தின் விளக்குகள் ஒவ்வொன்றாக—

வேண்டாம். மழைக்கு இந்தக் கதையில் ஒரு வேலையும் இல்லை. அடுத்தது:

இன்றைய இணைய விளையாட்டுகள் குடும்ப உறவுகளை எவ்வாறு—

இது பரிசளிப்பு விழாவில் பிரமுகர் பேசுவது. அடித்துவிட்டேன். நேராகவே சொல்கிறேன். காமினி ஒரு விளையாட்டில் எதையெல்லாம் விட்டுவிடலாம் என்று பட்டியல் போட்டாள். அதில் ஒன்றைத் தவறாக விட்டுவிட்டாள்.

2

விளையாட்டுக்கு 'ஏழாம் கரை' என்று வைத்துக்கொள்வோம். ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே நேரத்தில் கைப்பேசியில் ஆடுவது. காமினி அதில் வைத்தியக்காரி, அடிபட்டவர்களுக்கு உயிரூட்டுவாள், ஆடுகிறவர்கள் மொழியில் 'ஹீல்'. அவள் கணவன் ஷர்வின் வாள்வீரன். நிஜத்தில் அவன் சிங்கப்பூரில் ஒரு கப்பல் பட்டறையில் வெல்டர். ஆறு வாரத்துக்கு ஒருமுறை பினாங்குக்கு வருவான். இந்த ஆண்டோடு ஒப்பந்தம் முடிகிறது, அதன்பிறகு ஊரோடு வந்துவிடுவதாகப் பேச்சு. காமினி அந்தப் பேச்சை நம்பித்தான் நாட்காட்டியைக் கிழித்துக்கொண்டிருந்தாள்.

எங்கள் பேருந்து மாலை ஏழேகாலுக்குக் கிளம்பும். அவள் இறங்கும் ஜெலுத்தோங்குக்கு, நெரிசலோடு சேர்த்து முக்கால் மணி நேரம். அவனும் அந்நேரம் வேலை முடிந்து அறைக்கு வந்திருப்பான். அந்த முக்கால் மணி நேரம்தான் அவர்கள் குடித்தனம். தொலைபேசியில் பேசிப் பார்த்திருக்கிறார்கள். சாப்பிட்டாச்சா, ஆச்சு, அங்கே மழையா, இல்லை. நாலு கேள்வியில் பேச்சு நின்றுவிடும். விளையாட்டிலோ இருவரும் ஒரே இடத்தில் நிற்கலாம், காதில் மாட்டிக்கொண்டு பேசலாம்.

(காமினிக்கு மாமியார் உண்டு. நல்லவர். இந்தக் கதைக்குத் தேவைப்படவில்லை. மன்னிக்கவும், அம்மா.)

ஏழாம் கரையில் செய்வதற்கு ஏகப்பட்டது இருக்கிறது. நிலவறைச் சண்டை, ஞாயிறுதோறும் கோட்டைப் போர், இரண்டும் அவசியம். மீன்பிடி, சமையல், குதிரை வளர்ப்பு, வீட்டு அலங்காரம், சந்தை வியாபாரம், எல்லாம் விருப்பம் இருந்தால். எல்லாவற்றையும் தொட்டவன் எதிலும் தேறுவதில்லை. அவர்கள் சேர்ந்திருந்த கூட்டத்துக்குத் தலைவி நோர்மா. பட்டர்வொர்த்தில் ஒரு கிளினிக்கில் வேலை, கறாரான பெண்மணி. ஒரு மாதத்துக்குள் இரண்டு பேரும் நிலை ஏறாவிட்டால் கோட்டைப் போரில் இடம் இல்லை என்று சொல்லிவிட்டாள்.

3

இங்கே எங்கள் தொழிற்சாலைப் பழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, தளத்தில் பயன்படாமல் கிடக்கும் பொருள்களில் சிவப்புச் சீட்டைக் கட்டுவோம். சீட்டு கட்டிய பொருள் மஞ்சள் கோடு போட்ட மூலைக்குப் போகும். முப்பது நாளுக்குள் வேண்டுகிறவர் வந்து பெயரும் காரணமும் எழுதினால் திரும்பக் கிடைக்கும். இல்லையென்றால் கழிவு லாரிதான். காமினி இதில் புலி. தணிக்கைக்கு வந்தவர்கள் அவள் பிரிவைப் படம் எடுத்துக்கொண்டு போனார்கள்.

அதே கையோடு விளையாட்டையும் பிரித்துப் போட்டாள். யார் பயன்படுத்துகிறார்கள், என்ன கிடைக்கிறது, இல்லாவிட்டால் எது நின்றுபோகும். மூன்றே கேள்வி. குதிரைக்குச் சீட்டு. அலங்காரத்துக்குச் சீட்டு. சமையலுக்குச் சீட்டு. சந்தை, பிழைத்தது. மீன்பிடி: தூண்டிலைப் போட்டால் நாற்பது விநாடி ஒன்றும் நடக்காது. அப்புறம் ஒரு மீன். அந்த மீனையும் சமைத்தால்தான் பலன், சமையலோ ஏற்கெனவே மூலையில். மீன்பிடிக்கும் சீட்டு.*

பட்டியலைப் படம் எடுத்து ஷர்வினுக்கு அனுப்பினாள். முப்பது நாள் பார்க்கலாம், ஏதாவது வேண்டுமென்றால் சொல்லுங்கள் என்று எழுதினாள். அவன் கட்டைவிரல் படம் ஒன்றைத் திருப்பி அனுப்பினான்.

* அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: எங்கள் மெக்கானிக் அய்யாக்கண்ணுவின் முக்காலிக்கும் ஒருமுறை சீட்டு விழுந்தது. அவர் கேட்டு வரவில்லை. லாரி போன மறுநாளிலிருந்து நின்றுகொண்டே வேலை செய்தார். தேவையென்றால் எழுதியிருப்பாரே என்றாள் காமினி. முட்டி வலிக்கிறது, உட்கார ஆசையாக இருக்கிறது என்று எந்த மனிதன் காரணப் பத்தியில் எழுதுவான்? இது கதையில் சேருமா என்று தெரியவில்லை. இப்போதைக்கு இருக்கட்டும்.

4

முப்பது நாளில் அவர்கள் எங்கேயோ போய்விட்டார்கள். ஏழு இருபதுக்கு நிலவறை, ஏழு நாற்பதுக்குச் சந்தை, பிறகு ஆயுதம் தீட்டல். காமினியின் கட்டைவிரல்கள் பறந்தன. காதில் ஷர்வினின் குரல் கேட்டுக்கொண்டேதான் இருந்தது. "இடது பக்கம்." "ஹீல்." "பொறு." "இப்ப." ஒரு நாளைக்கு முன்னூறு வார்த்தையாவது பேசிக்கொண்டார்கள், இப்போதெல்லாம் நிறையப் பேசுகிறோம் என்று அவள் என்னிடம் பெருமைப்பட்டாள். நானும் தலையாட்டினேன்.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை பகலில் கோட்டைப் போர். காமினி வீட்டுக் கட்டிலில் சாய்ந்தபடி ஆடிக்கொண்டிருந்தாள். கூட்டத்தார் இருபது பேரும் கேட்கும் குரல் வழியில் நோர்மா மலாய் மொழியில் ஷர்வினைப் பாராட்டினாள். இன்னும் இரண்டு வருஷம் சிங்கப்பூரிலேயே இருக்கப் போகிறானாம். நல்லதாகப் போயிற்று, அப்படியானால் அடுத்த ஆண்டும் ஞாயிறு இதே நேரத்துக்கு வந்துவிடுவான், அட்டவணையை மாற்ற வேண்டாம் என்றாள்.

இருபது பேரோடு சேர்த்துத்தான் காமினிக்கும் தெரிந்தது.

5

இந்த இடத்தில் நான் கொஞ்சம் விளையாடிவிட்டேன். எழுதியது இது:

காமினி விரலை எடுத்தாள். திரையில் ஷர்வினின் உயிர்க்கோடு சிவப்பாகிச் சுருங்கியது. அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். வாள்வீரன் மண்டியிட்டு—

நல்ல காட்சி என்று எனக்கு ஒரே திருப்தி. காமினியிடம் படித்துக் காட்டினேன்.

"நான் அப்படிச் செய்யலக்கா," என்றாள். "கடைசி வரைக்கும் ஹீல் பண்ணேன். அவர் சாகல. கோட்டையும் கெடச்சிருச்சு. அதான்லா எனக்கு இன்னும் கோவம்."

இதைவிட நல்ல வரி எனக்கு வரவில்லை. அதனால் அப்படியே வைத்துவிட்டேன்.

6

போர் முடிந்ததும் அவள் அவனைத் தொலைபேசியில் பிடித்தாள். கையெழுத்துப் போட்டாச்சா என்று கேட்டாள். இல்லை, வெள்ளிக்கிழமைக்குள் கொடுக்க வேண்டும் என்றான். இதைத் தன்னிடம் சொல்லாமல் நோர்மாவிடம் எதற்குச் சொன்னான் என்றாள். நோர்மா அட்டவணை கேட்டாள், சொன்னேன் என்றான். என்னிடம் ஏன் சொல்லவில்லை என்றாள்.

"எப்பச் சொல்றது?" என்றான். "முன்னாடி மீன் புடிக்கறப்ப எல்லாத்தையும் சொல்வேன்ல. நீதான் அதத் தூக்கிட்ட."

காமினி வைத்துவிட்டாள்.

அதன்பிறகுதான் கணக்குப் போட்டுப் பார்த்தாளாம். உயரச் சாரத்தில் ஏறும்போது அவனுக்குக் கால் நடுங்குவது, அறைத் தோழன் குளியலறையில் அழுவது, அவள் அனுப்பிய ஊறுகாயை யாருக்கும் கொடுக்காமல் ஒளித்து வைத்தது, எல்லாமே அவன் தூண்டிலைப் போட்டுவிட்டுச் சொன்னவை. மீன் கடிக்கக் காத்திருக்கும் நாற்பது விநாடியில் செய்ய வேறு வேலை இல்லாததால் வாய் திறந்திருக்கிறது. அவள் அதை வீண் நேரம் என்று எழுதினாள். காரணப் பத்தியை அவன் காலியாக விட்டான். இரண்டு பேர் மீதும் எனக்குக் கோபம் வந்தது, இரண்டு பேரையும் நினைத்தால் பாவமாகவும் இருந்தது.

7

முடிவுகள் எழுதிப் பார்த்தேன். அவன் கையெழுத்துப் போடாமல் வெள்ளிக்கிழமை இரவுப் பேருந்தில் ஏறிவிடுகிறான். (இனிப்பு அதிகம்.) அவன் கையெழுத்துப் போடுகிறான், அவள் விளையாட்டை அழித்துவிடுகிறாள். (யாருக்கோ பாடம் சொல்வது மாதிரி இருக்கிறது.) அவளும் வேலையை விட்டுச் சிங்கப்பூர் போகிறாள். (மாமியாரை யார் பார்ப்பது? அவரைக் கதையிலிருந்து தூக்கியது தப்பு என்று அப்போதுதான் புரிந்தது.)

வியாழக்கிழமை மாலை, பேருந்து கிளம்புவதற்கு முன்பே, இதுவரை எழுதியதைக் காமினியின் கையில் கொடுத்தேன். நான்கு நாளாக அவள் விளையாட்டைத் திறக்கவில்லை, அவனோடு பேசவும் இல்லை. பேருந்து பாலத்தின் நுழைவாயிலைக் கடந்து போகும்வரை படித்தாள். முடித்துவிட்டு மறுபடி முதல் பக்கத்துக்குப் போனாள்.

"அக்கா, அவர் ஏன் அங்கயே இருக்கணும்னு நெனைக்கறாரு? அத எங்கயுமே எழுதலியே."

நீ சொல்லவில்லையே என்றேன்.

"எனக்குத் தெரியாதுக்கா. நான் கேக்கவே இல்ல."

உண்மைதான். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டிருக்கிறாள். ஏன் இருக்க நினைக்கிறீர்கள் என்று கேட்கவில்லை. எனக்கும் இத்தனை பக்கத்தில் அது தோன்றவில்லை. ஷர்வினை ஒரு வாளும் நாலு வார்த்தையுமாக வைத்துக் கதையை ஓட்டியிருக்கிறேன். மழையை நீக்கினேன், மாமியாரை நீக்கினேன், கூடவே அவனையும் நீக்கியிருக்கிறேன். அதுவும் தெரியாமல்.

காமினி கைப்பேசியை எடுத்தாள். ஏழாம் கரையின் கடலோரம் திரையில் வந்தது. வைத்தியக்காரி ஒரு பாறையில் உட்கார்ந்து தூண்டிலைப் போட்டாள். கொஞ்ச நேரத்தில் வாள்வீரன் ஒருவன் வந்து பக்கத்தில் அமர்ந்தான்.

"ஏன்னு சொல்லுங்க," என்றாள் அவள். "நான் நடுவுல பேச மாட்டேன்."

நான் எழுந்து முன் இருக்கைக்குப் போய்விட்டேன். எழுத்தாளருக்கும் கொஞ்சம் மானம் வேண்டும். அங்கிருந்து அவன் குரல் கேட்காது. அவள் குரலும் கேட்கவில்லை, ஏனென்றால் சொன்னபடியே அவள் பேசவில்லை. ஜெலுத்தோங் நிறுத்தத்தில் பேருந்து நின்றது. அவள் குனிந்த தலை நிமிரவில்லை. ஓட்டுநர் சீனி முகம்மது கண்ணாடியில் பார்த்து, அந்தப் பொண்ணு எறங்கலியா என்று என்னிடம் கேட்டார்.

"இருக்கட்டும் பாய்," என்றேன். "நீங்க போங்க."

அவர் கதவை மூடினார். கடைசி நிறுத்தம் கொம்தார், போய்ச் சேர இன்னும் கால் மணி நேரம் ஆகும். அவன் என்ன சொல்லிக்கொண்டிருந்தான் என்று எனக்குத் தெரியாது, கேட்கவும் மாட்டேன். நீங்கள் வேண்டுமானால் எழுதுங்கள். அவனை நடுவில் நிறுத்தாமல் எழுதுங்கள்.